எதிரெதிராக இரண்டு குரங்குகள்

“இவனுக்குக் காது கேக்குதா தாயி?”

மதுரை எங்களை வரவேற்றது இந்தக் கேள்வியோடுதான். திருநகரில் நாத்தனார் வீட்டு வாசலில் டாக்ஸி நின்று பெட்டிகளை இறக்குவதற்குள், பக்கத்து வீட்டு அம்மா என் மகனை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். “இனியா! ஏய் இனியா! இங்க பாரு சாமி!” இனியன் டாக்ஸியின் சக்கர மூடியில் தெரிந்த தன் முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

“கேக்குமுங்க. டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சுங்க” என்றேன். நான் பொள்ளாச்சிப் பக்கம். பதற்றம் வந்தால் ‘ங்க’ இரட்டிப்பாகிவிடும்.

“அப்ப ஏன் திரும்ப மாட்டேங்குறான்?”

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தேன். இரண்டு வயது தாண்டிவிட்டது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில சமயம் பார்ப்பான், பல சமயம் பார்க்கமாட்டான். அங்கே எங்கள் டாக்டர் நிதானமான பெண்மணி. அவசரப்பட்டு எந்தப் பெயரும் வைக்கவில்லை. “அவன் உங்களைப் பார்க்கிறானா என்பதை மட்டும் கவனிக்காதீர்கள். மற்ற இரண்டு பேர் தங்களுக்குள் பேசும்போது, விளையாடும்போது, அதை வேடிக்கை பார்க்கிறானா? ஊரில் நிறைய மனிதர்கள் இருப்பார்கள் இல்லையா? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்” என்றார்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பாள். என்னால் அப்படி வர முடியவில்லை. ஏனென்றால் என் வேலையே அதுதான். மூளை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் குரங்குப் படங்களைப் பிரித்து வைப்பவள் நான். ஒரு முகத்தைப் பார்க்கும்போது மூளையில் விழித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஏதாவது செய்வதைப் பார்த்தால் விழித்துக்கொள்ளும் இடங்கள் வேறு. குரங்குக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். கூட்டத்தில் பிழைக்க வேண்டுமென்றால் நம்மை யார் அடிப்பார் என்று தெரிந்தால் மட்டும் போதாது, யார் யாருக்கு வேண்டியவர் என்றும் தெரிய வேண்டும். நாளெல்லாம் திரையில் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பிள்ளை சலவை எந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தப் பயணத்திலும் ஆராய்ச்சிக்கூடத்து வேலை சேர்ந்துகொண்டது. நான் ஊருக்குப் போகிறேன் என்றதும் பேராசிரியர் கைக்கேமரா ஒன்றைத் தந்து, “உங்கள் ஊர்க் குரங்குகளை எடுத்து வாருங்கள்” என்றார். அவருக்கு இரண்டு வகைத் துண்டுப் படங்கள் வேண்டும். ஒன்று, எதிரெதிராக இருந்து ஒன்றோடொன்று ஏதாவது செய்யும் இரண்டு குரங்குகள். மற்றொன்று, பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத இரண்டு குரங்குகள். இரண்டையும் மாற்றி மாற்றித் திரையில் காட்டினால், மூளை எதற்கு விழிக்கிறது என்று தெரியும். கணவர் செந்திலுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அதனால் மகனும் கேமராவும் நானும் மட்டும்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். செந்திலின் அக்கா அமுதா அண்ணி பள்ளி ஆசிரியை. வகுப்பில் பேசும் குரலில்தான் வீட்டிலும் பேசுவார். காலையில் இட்லிக்கு நாலு நிறத்தில் சட்னி. “எம்புட்டு மெலிஞ்சுட்ட! அந்த ஊர்ல ரொட்டியத்தான் திங்கிறியா?” என்று தட்டில் இன்னொன்று விழும். சாயங்காலம் தெருமுனை வண்டியிலிருந்து பருத்திப்பால் வந்தது. சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் அந்தக் கெட்டிப் பாலை இனியன் குடிக்கமாட்டான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவன் பாதி டம்ளரைக் காலி செய்துவிட்டு மேலுதட்டில் மீசையோடு நின்றான்.

வீட்டில் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். ஒவ்வொருவரும் அவன் முகத்துக்கு நேராகக் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், சாவிக்கொத்தை ஆட்டினார்கள். சாவிக்கொத்தை மட்டும் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டே உபசரித்தேன், ஒவ்வொரு கைத்தட்டலுக்கும் உள்ளுக்குள் சுருங்கினேன். அழைத்து வந்திருக்கக் கூடாதோ? இல்லை, இன்னும் முன்பே அழைத்து வந்திருக்க வேண்டுமோ? இந்த இரண்டு எண்ணங்களும் எனக்கு எப்போதும் ஜோடியாகத்தான் வரும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணியோடு அழகர்கோவிலுக்குப் போனோம். மலையடிவாரத்தில் இறங்கியதுமே குரங்குகள். தலைமயிரை நடுவில் வகிடெடுத்தது போன்ற நாட்டுக் குரங்குகள். ஜெர்மனியில் இவற்றை உயிர்க்காட்சி சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அங்கே அவை என்னைப் பார்க்கவில்லை. இங்கே என் கைப்பையைப் பார்த்தன.

எதிரெதிர்க் குரங்குகள் ஏராளமாகக் கிடைத்தன. பேன் பார்ப்பவை, குட்டியைப் பிடுங்குபவை, பல்லைக் காட்டுபவை. கண்டுகொள்ளாத குரங்குகளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. சுவர்மேல் இரண்டு குரங்குகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி சும்மா இருக்கும். நான் கேமராவைத் தூக்குவதற்குள் யாராவது கடலையை வீசுவார்கள். உடனே இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். மூன்றாவதாக ஒன்று வந்து கடலையை எடுத்துக்கொண்டு போகும்.

அண்ணி கோயில் தோசை வாங்கி வந்தார். மிளகு தூக்கலாக, நெய்யில் வெந்து தடிமனாக இருந்தது. அவர் பிட்டு எனக்குத் தருவதற்குள் பெரிய கடுவன் குரங்கு ஒன்று வந்து முழுத் தோசையையும் இழுத்துக்கொண்டது. இதை ஒரு சின்னப் பெண்குரங்கு நெருங்கிப் பார்த்தது, ஓர் அறை வாங்கியது. வாங்கியதும் கத்திக்கொண்டு ஓடி, சம்பந்தமே இல்லாமல் தூரத்தில் உட்கார்ந்திருந்த குட்டி ஒன்றின் வாலைப் பிடித்துக் கிள்ளியது.

“அது என்ன பண்ணுச்சு பாவம்?” என்றார் அண்ணி.

“அடிச்சவனைத் திருப்பி அடிக்க முடியாதுங்க அண்ணி. அதனால அடிச்சவனோட சொந்தக்காரங்கள்ல சின்னதாப் பார்த்துக் கிள்ளும். யாரு யாருக்குச் சொந்தம்னு எல்லாத்துக்கும் தெரியும்.”

அண்ணி அந்தக் குட்டியைக் கை காட்டினார். “எங்க மாமியார் எம் மேல உள்ள கோவத்துக்கு, எந்தங்கச்சி கல்யாணத்துக்கு வராம இருந்தாகள்ல? அந்தக் கணக்குத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இனியனைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு அமளி நடந்திருக்கிறது, அவன் குழாயடியில் குனிந்து, சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. “இனியா, குரங்கு பாரு! ரெண்டு குரங்கு!” என்று அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். அவன் என் விரலை விலக்கிவிட்டு மறுபடியும் குழாய்க்குத் திரும்பினான்.

“விடு சுகந்தி. பிள்ளைய ஏன் பிடிச்சுத் திருப்புற? அது என்ன ரேடியோவா?” என்றார் அண்ணி.

சாயங்காலம் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் பேராசிரியர் கேட்ட இரண்டாம் வகைக்குச் சரியாக வந்திருந்தது. இரண்டு குரங்குகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒன்றையொன்று பார்க்காமல், நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஏத்தா, நீயும் எந்தம்பியும் வீடியோ கால்ல வர்ற மாதிரியே இருக்கு!”

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது இரவுச் சாப்பாடு வரை மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு சோபா நினைவுக்கு வந்தது. நானும் செந்திலும் அப்படித்தான் உட்காருவோம், தோளோடு தோள். எதிரே தரைவிரிப்பில் இனியன். இரண்டு பேரும் அவனையே பார்ப்போம், அவனிடமே பேசுவோம். அவன் தூங்கிய பிறகு ஆளுக்கொரு திரை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதை அவன் எப்போது பார்த்திருப்பான்? அந்த ஊரில் விருந்தாளிகள் கிடையாது. டிராமில் ஏறினால் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் டாக்டர் சிரிப்பார், என் பேராசிரியரும் சிரிப்பார். ஆனாலும் யோசித்தேன். யோசிப்பதை நிறுத்த யாராவது எனக்குச் சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும்.

திங்கட்கிழமை அண்ணி பள்ளிக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் சில படங்கள் பாக்கி. இனியனை ஒரு கையிலும் கேமராப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பெரியார் பஸ் நிலையத்தில் அழகர்கோவில் டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஆட்டோவில் போ என்று அண்ணி சொல்லியிருந்தார். வெளிநாட்டுக்காரி போல ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடுவார்களோ என்றுதான் பஸ்ஸில் ஏறினேன். சரியான காரணமே இல்லை என்று இப்போது தெரிகிறது.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் நான் ஆடியபோது, முன்பக்கம் உட்கார்ந்திருந்த பச்சைச் சேலைக்காரப் பெண் கையை நீட்டி, “பிள்ளைய இங்கிட்டு குடு தாயி” என்றார். நான் பதில் சொல்வதற்குள் இனியன் அவர் மடியில் இருந்தான். பின் சீட்டில் யாரோ கேமராப் பையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஊரில் இது வழக்கம்தான். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் சுமையை வாங்கிக்கொள்வார். பிள்ளையும் ஒரு சுமை. நானும் இப்படிப் பல மடிகளில் பயணம் போய் வளர்ந்தவள்தான். ஆனால் ஜெர்மனியில் இத்தனை வருடம் இருந்ததில், முன்பின் தெரியாத ஒருவர் என் பிள்ளையைத் தொட்டதே இல்லை. எட்டி எட்டி அவன் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தடுத்த நிறுத்தங்களில் கூட்டம் ஏற ஏற, நான் பின்னால் தள்ளப்பட்டேன். “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அம்புட்டு எடம் கிடக்கு” என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த இடம் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. இனியனின் தலையும் மறைந்துவிட்டது.

சிம்மக்கல்லில் பஸ் நின்றது. தோள்களுக்கு நடுவே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன் படிக்கட்டில் அந்தப் பச்சைச் சேலை இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு மட்டும்தான் தெரிந்தது. கைகள் முன்பக்கம் எதையோ அணைத்திருந்தன.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்களை இடித்துக்கொண்டு பின் படிக்கட்டில் குதித்தேன். மொத்த வியாபாரக் கடைகளின் மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே ஓடி, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவர் கையில் இருந்தது ஒரு துணிப்பை.

“என் பையன் எங்கீங்க?”

அவர் திகைத்துப் போனார். “உம்பிள்ளைய நான் எதுக்குமா கொண்டு போறேன்? பக்கத்து சீட்டு அம்மாகிட்ட குடுத்துட்டுத்தான் எறங்குனேன். நீ எதுக்கு எறங்குன?”

திரும்பினேன். பஸ் பாலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கூட்டம் கூடிவிட்டது. வெங்காயக் கடைக்காரர், “ஏம்மா, பிள்ளைய உள்ள வச்சுட்டு யாராவது எறங்குவாகளா?” என்று திட்டினார். திட்டிக்கொண்டே சாலையில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்தார். “ஜமால் அண்ணே, இந்தப் பிள்ளைய ஏத்துங்க. அழகர்கோவில் பஸ்ல இவுக மகன் போறான்!”

“தனியாவா போறான்?” என்றார் தாடி வைத்த ஆட்டோக்காரர்.

“ரெண்டு வயசுப் பிள்ளைண்ணே!”

“ஏறுங்க தங்கச்சி. கோரிப்பாளையம் சிக்னல தாண்டிருக்க மாட்டான். அங்க பால வேல நடக்குது, ஒரு வண்டி நகராது. இன்னைக்குத்தான் அந்த வேலையால ஒரு புண்ணியம்.”

பச்சைச் சேலைப் பெண்ணும் கூடவே ஏறிக்கொண்டார். “நான் குடுத்த ஆளு எதுன்னு எனக்குத்தான தெரியும்” என்றார். வைகைப் பாலத்தில் ஜமால் அண்ணன், எதிரே வந்தவர்கள், முன்னே போனவர்கள் எல்லோரிடமும் கத்திக்கொண்டே ஓட்டினார். “மாப்ள, வழி விடு, பிள்ள பஸ்ல போயிருச்சு!” “எவன் பிள்ளடா?” “உன் பிள்ளன்னு நெனச்சுக்க, ஒதுங்கு!” பைக்கில் வந்த இரண்டு பேர் ஒதுங்கியதோடு நிற்காமல் எங்களுக்கு முன்னால் ஓட்டிப் போய், ஹாரன் அடித்து வழி விலக்கினார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி, அவன் இப்போது அழுதுகொண்டிருப்பானா என்று நினைத்தேன். அதைவிடப் பயமான இன்னொன்று வந்தது. அழாமலே இருப்பானோ? நான் இல்லை என்பதே தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பானோ?

கோரிப்பாளையம் சந்திப்புக்குச் சற்று முன்னால் பஸ் ஓரமாக நின்றிருந்தது. நெரிசலால் நிற்கவில்லை. நான் குதித்ததைப் பார்த்த யாரோ சொல்லி, நிறுத்தியிருந்தார்கள். கண்டக்டர் கீழே இறங்கிப் பாலத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். உள்ளே ஒருவர், “டைம் ஆச்சு கண்டக்டரே, எடுங்க” என்றார். “அந்தம்மா வராம எடுக்க மாட்டேன். அவசரமா இருந்தா எறங்கி நடந்து போ” என்றார் இவர்.

படியேறப் போனேன். இறங்குபவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் வழியை அடைத்திருந்தார்கள். அதனால் ஜன்னல் பக்கம் ஓடினேன். அங்கே தெரிந்தது இதுதான்.

இனியன், கறுப்பு பர்தா அணிந்த வயதான அம்மா ஒருவரின் மடியில் இருந்தான். பக்கத்தில் கொய்யாக்கூடையோடு ஒரு பெண். இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பெத்த பிள்ளைய மறந்துட்டு எறங்குவாளா ஒருத்தி? கையில உள்ள போன மறப்பாளா?” என்றது கொய்யாக்கூடை.

“அவ ஏன் மறக்குறா? கூட்டத்துல தள்ளி விட்ருப்பானுங்க. எந்தத் தெருவுல நின்னு அழுகுதோ, யா அல்லா.”

“பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி பேசுறீக.”

“நீ மட்டும் பார்த்த மாதிரி ஏசலாமாக்கும்?”

இனியன் கொய்யாக்கூடையைப் பார்த்தான். அவர் முடித்ததும் தலையைத் தூக்கிப் பர்தா அம்மாவின் வாயைப் பார்த்தான். அவர் முடிப்பதற்குள்ளேயே, பதில் வரும் இடம் தெரிந்தவன் போல, மறுபடி கொய்யாக்கூடையிடம் திரும்பிக் காத்திருந்தான். நாளெல்லாம் திரையில் இதைத்தான் நான் தேடுகிறேன், யார் எப்போது யாரைப் பார்க்கிறார்கள் என்பதை. ஆனால் அந்த ஜன்னலடியில் நான் ஆராய்ச்சிக்கூடத்துக்காரி இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு நின்றிருந்த ஒருத்தி. தப்பாகப் பார்க்கிறேனோ, ஆசையில் பார்க்கிறேனோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சண்டை அந்தப் பக்கம் போனது. அவனும் போனான். இந்தப் பக்கம் வந்தது. அவனும் வந்தான்.

“இனியா!”

திரும்பினான். என்னைக் கண்டான். முகம் மலர்ந்தது, சந்தேகமே இல்லை. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே தலையை மட்டும் திருப்பி, கொய்யாக்கூடை அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தான்.

என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. “வந்துருச்சு, அம்மா வந்துருச்சு!” என்று பஸ் முழுக்கச் சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து எனக்கு நீட்டினார். கேமராப் பை பின் சீட்டிலிருந்து தலைக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. பச்சைச் சேலைப் பெண், “நான் சொன்னேன்ல, பத்திரமாத்தான் இருப்பான்” என்றார். ஜமால் அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டு, வந்த வழியே அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

“ஏம்மா, ஏறுறியா இல்லியா?” என்றார் கண்டக்டர்.

ஏறினேன். பர்தா அம்மா நகர்ந்து அரை சீட் இடம் தந்தார். இனியனை வாங்கக் கையை நீட்டினேன். “இருக்கட்டும்மா, நீ மொதல்ல மூச்சு விடு” என்றார். எனக்கு அவனைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடுங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில், அவர் மடியிலேயே இருந்தான்.

ஜெர்மனிக்குத் திரும்பி டாக்டரிடம் போய் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். பேச்சு இன்னும் வரவில்லை. ஒரு பஸ் பயணத்தை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. எனக்கே தெரியும். பார்க்க வேண்டிய சோதனைகளைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பார்க்கிறான். பார்க்கும்படி ஏதாவது நடந்தால் பார்க்கிறான்.

பஸ் நகர்ந்தது. கொய்யாக்கூடை அக்காவுக்கு என் மேல் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது போல. “எந்த ஊரும்மா நீ?” என்றார்.

நான் வழக்கமாக இனியனைப் பார்த்துக்கொண்டேதான் யாருக்கும் பதில் சொல்வேன். இந்த முறை அவனைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, “பொள்ளாச்சிங்க. கட்டிக்கொடுத்தது திருநகருங்க. இருக்கறது ஜெர்மனிங்க” என்றேன்.

“மூணு ஊருக்கும் நடுவுல பிள்ளைய சிம்மக்கல்லுல தொலைக்கப் பார்த்தியாக்கும்” என்றார் அவர். பர்தா அம்மா குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவனைப் பார்க்காமல் இருப்பது கழுத்து வலிக்கும் அளவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவன் என் வாயைப் பார்க்கிறான் என்று கடைக்கண்ணில் தெரிந்தது.

“வீட்டுக்காரரு வரலையா?” என்றார் அக்கா. அவன் தலை அவர் பக்கம் போய், என் பதிலுக்காகத் திரும்பி வந்தது.

நான் அவசரப்படாமல், நீளமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.